கம்பளத்தைக் கழுவக் கொடுப்பதற்கு முன்



ஷஅபான் பிறந்துவிட்டால் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஜகாத் கணக்கு பற்றியவை. அதற்கு அடுத்தபடியாக வருவது வீடு கழுவுவது, வெள்ளை அடிப்பது, அதோடு சேர்ந்து கம்பளம். "பிள்ளை சிறுநீர் கழித்த கார்பெட்டை மெஷினில் கழுவி வந்தால் அதில் தொழலாமா?" "சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார்களே, நியாயமா?" "நாமே மாடியில் போட்டுக் கழுவினால் கெட்டுப் போகுமா?" சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் இரண்டு குடும்பங்கள் கம்பளத்தைக் கழுவக் கொடுத்து நஷ்டப்பட்டு, அதையும் நம்மிடம்தான் வந்து சொன்னார்கள். ஆகவே இந்த இதழில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம் பாட்டனார் காலத்து வீடுகளில் இந்தப் பிரச்சினையே இல்லை. கோரைப்பாய் இருந்தது, விசேஷத்துக்கு பத்தமடைப் பாய் இருந்தது, ஆட்கள் கூடினால் பவானி ஜமுக்காளம் விரிக்கப்பட்டது. பாயை ஈரத் துணியால் துடைத்து நிழலில் சாய்த்து வைத்தால் போதும். ஜமுக்காளம் பருத்தி, துவைகல்லில் துவைக்கலாம். சபராளிகள் வளைகுடாவிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் கூடம் நிறையக் கம்பளம் போடும் பழக்கம் பரவியது. கம்பளம் வந்தது, அதைப் பராமரிக்கும் அறிவு கூட வரவில்லை.

முதலில் மார்க்க விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் குழப்பம் அதில்தான் அதிகம். அழுக்கு வேறு, நஜீஸ் வேறு. தூசி படிந்து, தேநீர்க் கறை பட்டு, பார்க்கவே அருவருப்பாக இருக்கும் கம்பளமும் தொழுகைக்குச் சுத்தமானதே. பளபளவென்று இருக்கும் கம்பளத்தில் ஓர் ஓரத்தில் சிறுநீர் பட்டுக் காய்ந்திருந்தால் அந்த இடம் நஜீஸ். நஜீஸ் பட்டது உறுதியாகத் தெரியாதவரை, சந்தேகத்தை வைத்துக்கொண்டு முழுக் கம்பளத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு மூலையில் பட்டது தெரியும் என்றால், தொழுகிறவரின் உடலோ ஆடையோ அந்த இடத்தைத் தொடாமல் வேறு பக்கத்தில் தொழலாம்.

"வெயிலில் காய்ந்துவிட்டதே, சுத்தம்தானே" என்று பலர் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் தரை காய்ந்து நஜீஸின் அடையாளம் போய்விட்டால் அதில் தொழலாம் என்று சட்டம் உண்டு. அது நிலத்துக்கு, துணிக்கும் கம்பளத்துக்கும் அல்ல. கம்பளம் எந்த மத்ஹபிலும் வெறும் வெயிலால் சுத்தமாகாது, கழுவ வேண்டும்.

எப்படிக் கழுவுவது? ஷாஃபிஈ மத்ஹபில் முதலில் நஜீஸின் பொருளை ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு அந்த இடத்தின் மீது சுத்தமான தண்ணீரை ஊற்றி ஓடவிட வேண்டும். நிறமும் வாடையும் போய்விட்டால் போதும். தண்ணீர் நஜீஸின் மீது வர வேண்டுமே தவிர, நஜீஸான கம்பளத்தைக் கொண்டுபோய்ச் சிறு தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது; இரண்டு குல்லத்துக்குக் குறைந்த தண்ணீர் என்றால் தொட்டியே நஜீஸாகிவிடும். தாய்ப்பால் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயது நிறையாத ஆண் குழந்தையின் சிறுநீருக்கு, அந்த இடம் முழுதும் நனையும்படி தண்ணீர் தெளித்தாலே போதும். பெண் குழந்தையுடையதைக் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டையுமே கழுவ வேண்டும். பிழிய முடிந்த துணியானால் மூன்று முறை கழுவி மூன்று முறை பிழிய வேண்டும். கம்பளம் போலப் பிழிய முடியாதது என்றால் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் சொட்டுவது நிற்கும்வரை விட வேண்டும்.

இதைக் கழுவும் கடையோடு பொருத்திப் பாருங்கள். சில இடங்களில் தண்ணீரே இல்லாமல் ரசாயனப் பொடி தூவித் தேய்த்து உறிஞ்சி எடுக்கிறார்கள், அல்லது டிரை கிளீனிங் திரவத்தால் துடைக்கிறார்கள். அழுக்கு போகும், வாசனை வரும். ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை நீக்கத் தண்ணீர்தான் வேண்டும். அந்தக் கம்பளம் அழகாகத் திரும்பி வந்தாலும் பட்ட இடம் நஜீஸாகவே இருக்கும். ஹனஃபி மத்ஹபில் நஜீஸை அகற்றக்கூடிய சுத்தமான வேறு திரவங்களையும் ஏற்கிறார்கள். உங்கள் கடையின் முறை அதில் அடங்குமா என்பதை அந்த முறையை விவரித்து நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் யோசனை எளிது: நஜீஸ் பட்ட உடனேயே வீட்டில் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். பள்ளிவாசலில் சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசியைக் கடிந்துகொள்ளாமல் அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தச் சுலபத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு கடைக்காரர் நீக்க வேண்டியது அழுக்கை மட்டும்தான். அவர் எந்த முறையில் கழுவினாலும் நமக்குக் கவலையில்லை.

உடனே செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறுநீர் காய்ந்ததும் அதிலுள்ள உப்புகள் கம்பளத்தின் அடியில் தங்கிவிடும். கடற்கரைக் காற்றின் ஈரத்தை அவை இழுத்துக்கொண்டு, மழை நாளில் மறுபடி வாடை அடிக்கும். முதலில் காய்ந்த துண்டை வைத்துக் காலால் அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றுங்கள், மறுபடி ஒற்றுங்கள். அடியில் இருக்கும் ரப்பர் விரிப்பையும் தரையையும் மறக்காதீர்கள்.

உங்கள் கம்பளம் எது?

கழுவுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பணமும் போகும், பொருளும் போகும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்பக்கத்தில் உள்ள பூவேலை பின்பக்கத்திலும் அப்படியே தெரிந்து, முடிச்சுகள் சற்று ஒழுங்கில்லாமல் இருந்தால், ஓரத்துக் குஞ்சம் தனியாகத் தைக்கப்படாமல் கம்பளத்தின் பாவு நூலே நீண்டு வந்ததாக இருந்தால், அது கையால் முடிச்சுப் போட்டது. காஷ்மீர், பதோஹி, ஈரான் கம்பளங்கள் இந்த வகை. பின்பக்கம் முரட்டுத் துணி ஒட்டப்பட்டிருந்தால் அது டஃப்டெட் எனப்படும் வகை. நூலைத் துணியில் குத்தி ரப்பர் பசையால் பிடித்து வைத்திருப்பார்கள். இதைத் தண்ணீரில் ஊறவிட்டால் பசை விட்டுவிடும். பழைய டஃப்டெட் கம்பளத்தைத் தூக்கினால் தரையில் மாவு மாதிரிக் கொட்டுகிறதே, அது தூசி மட்டுமல்ல, உதிர்ந்த பசை.

நூல் என்ன என்பதற்கு ஒரு சோதனை. ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, வாஷ் பேசின் மீது வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது அசல் பட்டு. காகிதம் எரிவது போல் வாடை வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பிளாஸ்டிக் நூல். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெஷின் கம்பளங்களில் பெரும்பகுதி பாலிபுரோப்பிலீன் எனும் இந்தப் பிளாஸ்டிக்தான். இது தண்ணீரைக் குடிக்காது, சீக்கிரம் காயும். சூடு மட்டும் ஆகாது. சாம்பிராணிக் கரி விழுந்தால் உருகிய வடு நிரந்தரம்.

விஸ்கோஸ் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். பட்டு போல் மின்னும், "ஆர்ட் சில்க்" என்று சொல்லி விற்பார்கள். நனைந்தால் இழை பலமிழந்து, காய்ந்ததும் மஞ்சளடித்து, சாய்ந்த பயிர் போலப் படுத்துவிடும். இதை வீட்டில் நனைக்கவே வேண்டாம். கம்பளிக்கு வேறு விதி: சோப்புத் தூள், சலவை சோடா, பிளீச்சிங் எதுவும் கூடாது. காரம் கம்பளியைத் தின்னும். பிளீச் அதைக் கரைத்தே விடும். கொதிக்கும் தண்ணீரில் கம்பளி இறுகிச் சுருங்கும்.

நாம் முதலில் குறிப்பிட்ட நஷ்டங்களில் ஒன்று இப்படித்தான் நடந்தது. கணவர் மௌத்தாகிப் பல வருடங்கள் ஆன ஒரு சகோதரியின் வீடு. அவர் சபரிலிருந்து கடைசியாகத் திரும்பியபோது கொண்டு வந்த சிவப்பும் வெண்மையுமான கம்பளி விரிப்பு. பெண்ணின் நிக்காஹ் நெருங்குகிறது என்று தெருவில் வந்தவர்களிடம் கொடுத்திருக்கிறார். சூடான தண்ணீரில் சலவைத் தூள் போட்டு ஊறவைத்திருக்கிறார்கள். சிவப்பு இறங்கி வெள்ளை முழுவதும் ரோஸ் நிறம். முன்பணம் முழுவதும் வாங்கிக்கொண்டவர்களை மறுபடி யாரும் பார்க்கவில்லை. ரசீது இல்லை, கடை எங்கே என்று தெரியாது. அந்த விரிப்புக்குச் சந்தையில் என்ன விலை என்று நம்மால் சொல்ல முடியும். அவருக்கு அது ஆறுதல் இல்லை.

இரண்டு நிமிடச் சோதனை அதைத் தடுத்திருக்கும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, கம்பளத்தின் ஒவ்வொரு நிறத்தின் மீதும் சற்று நேரம் அழுத்தி வையுங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அது சாதாரணமாகக் கழுவக்கூடிய கம்பளம் இல்லை. இந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யாத ஆளிடம் கம்பளிக் கம்பளத்தைக் கொடுக்க வேண்டாம்.

கடையில் என்ன செய்கிறார்கள்

ஒழுங்கான கடையில் முதல் வேலை தண்ணீர் அல்ல, தூசி எடுப்பது. கம்பளத்தில் இருப்பதில் பெரும்பகுதி காய்ந்த மண்ணும் மணலும்தான். அதை எடுக்காமல் நனைத்தால் சேறு. கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் தட்டி அல்லது இயந்திரத்தால் அதிரவைத்து மண்ணைக் கொட்ட வேண்டும். அந்த மணல்தான், நாம் நடக்கும்போதெல்லாம் இழைகளை அடியில் அறுத்துக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு முறை வாக்குவம் போடுகிறவர்களின் கம்பளம் பல வருடம் கூடுதலாக உழைப்பதன் காரணம் இதுவே.

வீட்டுக்கு வந்து செய்வதில் இரண்டு வகை. சுழலும் பிரஷ்ஷால் ஷாம்பு தேய்ப்பது ஒன்று. செலவு குறைவு, ஆனால் நுரையை முழுவதும் எடுக்காவிட்டால் பிசுக்காகத் தங்கி, ஒரே மாதத்தில் முன்னைவிட அதிக அழுக்கைப் பிடிக்கும். மற்றொன்று, வெந்நீரைப் பீய்ச்சி அதே வேகத்தில் உறிஞ்சி எடுப்பது. "ஸ்டீம் வாஷ்" என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் இதைத்தான். நீராவி அல்ல, வெந்நீர்தான். நல்ல உறிஞ்சு மோட்டார் இருந்தால் மெஷின் கம்பளங்களுக்கு இது பொருத்தமானது. கையால் முடிச்சுப் போட்ட கம்பளியைக் கடைக்கு எடுத்துப் போய், விரித்துப் போட்டுக் கழுவி, அலசி, ஈரம் வழித்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவைப்பதே முறை.

காய்வதுதான் பாதி வேலை. ஒரு நாளுக்குள் காயாத கம்பளத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நம் இரண்டாவது குடும்பத்துக்கு நேர்ந்தது அதுதான்: ஐப்பசி மழையில் கழுவி, ஈரம் வற்றாமல் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள், பசை விட்டு, நாற்றம் போகாமல் கடைசியில் வெளியே வீச வேண்டியதாயிற்று. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை கம்பளத்தை நனைக்கவே நனைக்காதீர்கள். ரமளான் இப்போது மாசியை ஒட்டி வருவது ஒரு வகையில் வசதி. மழை நின்று, வெயில் உக்கிரம் ஆகாத காலம். கடைசி வாரத்தில் எல்லோரும் முண்டியடிக்காமல் ஷஅபான் முதல் பாதியிலேயே கொடுத்துவிட்டால் கடைக்காரரும் அவசரப்பட மாட்டார்.

கொடுக்கும்போது நீள அகலத்தை உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். ஆறுக்கு ஒன்பது என்றால் 54 சதுர அடி. ரசீதில் 60 என்று எழுதினால் கேட்க வேண்டியதுதான். முன்பக்கம், பின்பக்கம், ஏற்கெனவே உள்ள கிழிசல் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே வைத்துக் கழுவுகிறீர்கள், எப்படிக் காயவைக்கிறீர்கள், எந்தத் தேதிக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். கழுவும் இடத்தைக் காட்டத் தயங்குகிறவர் வேண்டாம். பணத்தில் பெரும்பகுதியைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். ஆனால் பொருள் சரியாக வந்துவிட்டால் "நாளைக்கு வா" என்று இழுக்காதீர்கள். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

சேதமாகிவிட்டால்? முதலில் கடைக்காரரிடம் பேசுங்கள், எழுத்தில் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ரசீதில் அச்சடித்திருப்பதாலேயே உங்கள் புகார் உரிமை போய்விடாது. ரசீதே இல்லை என்றால்தான் நாம் உதவ வழி தெரியாமல் நிற்கிறோம்.

மலிவான மெஷின் கம்பளத்துக்குக் கழுவும் கூலி, புதிதின் விலையைத் தொட்டுவிடும். அதை வீட்டிலேயே கழுவுங்கள். மொட்டை மாடியில் சாய்வான இடத்தில் விரித்து, தூசியைத் தட்டி, தலைக்குப் போடும் ஷாம்புவைக் கொஞ்சம் கரைத்து, மென்மையான பிரஷ்ஷால் இழை படுத்திருக்கும் திசையிலேயே தேய்த்து, நுரை நிற்கும்வரை அலசுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு. நுரை வராது, வெள்ளைப் பொருக்கு நிற்கும். கடைசி அலசலுக்காவது குடிநீர்க் குழாய்த் தண்ணீர் பயன்படுத்துங்கள். தரை துடைக்கும் வைப்பரால் ஈரத்தை வழித்தெடுத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் பின்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி போடுங்கள். நனைந்த கம்பளம் பல மடங்கு கனக்கும். வயதானவர்கள் தனியாகத் தூக்க வேண்டாம். வெளுக்க வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிடைக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வருவது குளோரின் வாயு. நுரையீரலைக் கெடுக்கும், உயிருக்கே ஆபத்து. வேலைக்கு வரும் பெண்களிடம் இந்த வேலையைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

கறைகளில் மஞ்சளும் மருதாணியும் பொல்லாதவை. மஞ்சள் கறையில் சோப்பைப் போட்டால் சிவக்கும்; பயப்பட வேண்டாம், அலசி வெயிலில் வைத்தால் நாளடைவில் மங்கும். மருதாணி வேறு. முடியிலும் நகத்திலும் ஏறும் அதே சாயம் கம்பளியிலும் ஏறும், ஏனெனில் இரண்டும் ஒரே வகைப் புரதம். காய்ந்துவிட்டால் எந்தக் கடைக்காரராலும் எடுக்க முடியாது. பெருநாள் இரவில் மருதாணி இடும் பிள்ளைகளைப் பாயில் உட்கார வையுங்கள். சஹன் வைக்கும்போது நெய் சிந்தினால், மேலே கடலை மாவோ முகப் பவுடரோ கொட்டி ஊறவிட்டுச் சுரண்டி எடுங்கள், தண்ணீர் பிறகு.

வீசிங், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எங்கள் கருத்து கண்டிப்பானது. படுக்கையறையில் கம்பளம் வேண்டாம். நம் தோலிலிருந்து உதிரும் துகள்களைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் செல்கள் கம்பளத்தில் பெருகுகின்றன. அவற்றின் கழிவுதான் மூச்சைப் பிடிக்கவைக்கிறது. கழுவினால் குறையும், மறுபடி வந்துவிடும், அதுவும் ஈரக் காற்றுள்ள ஊரில். பாயும், வாரம் ஒருமுறை துவைக்கும் ஜமுக்காளமும் அந்தப் பிள்ளைக்கு நல்லது. தட்டும் நாளில் பிள்ளையை வேறு வீட்டில் விடுங்கள். கம்பளியைச் சுருட்டி வைக்கும்போது போடும் ரசகற்பூர உருண்டை பற்றியும் கவனம்: ஜி6பிடி குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு அதன் வாடையே இரத்த அணுக்களை உடைத்துவிடக் கூடும். குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். நன்றாகக் காயவைத்து, வேப்பிலை வைத்து, மடிக்காமல் சுருட்டி, சில மாதங்களுக்கு ஒருமுறை விரித்துப் பார்த்தால் போதும்.

பழைய கம்பளங்களை நம் டிரஸ்ட்டுக்கு அன்பளிப்பாகத் தருகிறவர்கள் கழுவிக் காயவைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். வாங்கும் குடும்பத்துக்கு அதைக் கழுவும் செலவு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு.

தனியாக வசிக்கும் முதியவர்கள், விதவைச் சகோதரிகள் ஆகியோரின் வீடுகளில் கம்பளத்தை மாடிக்கு ஏற்றி இறக்கிக் கொடுக்கவும், கடைக்குக் கொடுத்தால் அளந்து ரசீது வாங்கித் தரவும் நம் இளைஞர் குழுவினர் முன்வந்திருக்கிறார்கள். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஷஅபான் பிறை 15 வரை பெயர்கள் எடுத்துக்கொள்ளப்படும், இன்ஷா அல்லாஹ்.